இரைச்சல்

சோணை சவுண்ட் சர்வீஸ், செல்லூர்.
ஆம்ப்ளிஃபயர் ஒன்று, பெட்டி இரண்டு, மைக் மூன்று.
மூன்றில் ஒன்று கம்பி இல்லாதது,
குழந்தை மாதிரி, நேரத்துக்குப் பேட்டரி கேட்கும்.

இரண்டாம் சனிக்கிழமைதோறும்
சிம்மக்கல்லில் அச்சகத்துக்கு மேல் மாடியில்
பூமிநாதன் சார் கூட்டம் நடத்துகிறார்.
போன மாதம், பணம் எப்படிப் பிறந்தது என்று ஒருவர்.
அதற்கு முந்தின மாதம் கனவு.
அறுபது நாற்காலி போடுவோம்.
இருபத்து மூன்று பேர் வந்துவிட்டால்
சார் எனக்கு டீயோடு வடையும் சொல்வார்.

என் கையில் ஒரு கணக்கு உண்டு.
கட்சிக் கூட்டத்துக்கு எக்கோ தூக்கலாக,
முளைப்பாரிக்கு பேஸ்,
பட்டிமன்ற நடுவருக்கு ட்ரபிளைக் கொஞ்சம் தட்டணும்,
சிரிப்பு கடைசி வரிசைவரை போகும்.
இந்த அம்மாவோ வந்ததும் வராததுமாய்
"எக்கோ வேண்டாம்ண்ணே" என்றுவிட்டார்.
மேலூர்ப் பக்கம், பேர் ஜுலைகா,
வானத்தை அளக்கிற உத்தியோகம்.

"பழைய டிவியில ஸ்டேஷன் முடிஞ்சதும்
புள்ளி புள்ளியா இரையுமே, ஞாபகம் இருக்கா?
அதுல நூத்துல ஒரு பங்கு
பிரபஞ்சம் பிறந்த சூட்டோட மிச்சம்."

ஆயிரத்து முந்நூற்று எண்பது கோடி வருஷமாம்.
பெட்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்துக் கேட்டேன்.
இருபத்தாறு வருஷமாக என் பிழைப்பே
இரைச்சலைக் கொல்வதுதான்.
எர்த் ஒயரைப் பல்லால் கடித்துச் சீவி,
பின்னைத் துடைத்துத் துடைத்து,
அப்படியும் ஈய்ய்ய் என்று ஒன்று கிளம்பினால்
மேடை மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்க்கும்.
வாடிப்பட்டியில் ஒரு தடவை அடியே விழுந்தது.

கேள்வி நேரம்.
கம்பியில்லா மைக்கோடு வரிசை வரிசையாய்ப் போனேன்.
முதல் ஆள் பதினோரு நிமிஷம் பேசினார்,
கேள்வி என்னவோ வரவே இல்லை.
அடுத்தவர் மழைக்கு ஒதுங்கி மாடி ஏறியவர்,
மாநகராட்சி குடிநீர்ப் பிரிவு.
"அங்கிட்டெல்லாம் தண்ணி இருக்காம்மா?"
இருக்கிறது, பனியாக, ஏராளமாக என்றார்.
"எங்க வார்டுக்கு எப்ப வரும்?"
நல்ல கைதட்டல்.
அதற்குப் பிறகு யாரும் கை தூக்கவில்லை.

மைக் என் கையிலேயே இருந்தது.
சொன்னால் நம்பமாட்டீர்கள்,
இத்தனை வருஷத்தில் அதில் நான் பேசியது
ஹலோ, ஒன், டூ, த்ரீ.
பழக்கதோஷம், அதையே சொல்லித் தொலைத்தேன்.
சிரித்தார்கள்.
சிரிப்பு அடங்குவதற்குள்
நாலு என்று சொல்ல வந்ததுபோல வந்துவிட்டது:
"அந்தச் சூட்டுக்கு முன்னால
என்னம்மா இருந்துச்சு?"

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.
துடைக்கவில்லை, சும்மா பிடித்துக்கொண்டார்.
"தெரியாது."
பிறகு எனக்கு மட்டும் சொல்வதுபோல
"யாருக்குமே இன்னும் தெரியாதுண்ணே."

என் பெட்டி வழியாக
மந்திரி போயிருக்கிறார், சாமியார் போயிருக்கிறார்,
சர்க்கரையை வேரோடு பிடுங்கும் லேகியக்காரர்,
உலகம் முடியும் தேதியைக் கிழமையோடு சொன்னவர்.
ஒருத்தரும் இந்தச் சொல்லை
இதில் விட்டதில்லை.
எக்கோ இல்லாமல்
அது பாட்டுக்குப் போய்ச் சுவரில் நின்றது.
வால்யூமை நான் தொடவே இல்லை.

லோடு ஆட்டோவில் கட்டி, யானைக்கல் தாண்டி,
வீடு வந்து சேர மணி பத்தரை.
மைக்கைச் சொருகாமல் ஆம்ப்ளிஃபயரைப் போட்டு
திருகைக் கடைசிவரை தூக்கினேன்.
ஸ்ஸ்ஸ் என்றது.
இது டிரான்சிஸ்டர் சூடு, அது இல்லை,
எனக்குத் தெரியும்.
ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டும்வரை
அணைக்கத் தோன்றவில்லை.

வாடகை எண்ணூறு. சார் எழுநூறு கொடுத்தார்.
அடுத்த மாதம் எறும்புகளைப் பற்றியாம்.
நூறு ரூபாய் பாக்கி நிற்கிறது,
போகாமல் எப்படி?