மூன்று போட்டேன்

முத்தையன்கட்டு இடதுகரை.
படிவம் இலக்கம் நாற்பத்தொன்று.
இராசலோஜினி உழுந்து புடைத்தபடி
"கேள் பிள்ளை, வாய் சும்மாதானே கிடக்கு" என்றாள்.

ரப்லெட்டை மடியில் வைத்து
வெயில் விழாமல் துப்பட்டாவால் மறைத்தேன்.
திரையில் முதலில் என் முகம் தெரிந்தது,
பிறகுதான் கேள்வி.

குடும்பத் தலைவர் யார்?
"நான்."
திருமண நிலை?
"வட்டுவாகலில கையில பிடிச்சுக் குடுத்தனான்.
அதுக்கு என்ன பேர் வைச்சிருக்கிறியள்?"

இழுத்துப் பார்த்தேன்.
மணமானவர், மணமாகாதவர், கைம்பெண், பிரிந்தவர்.
எல்லாவற்றுக்கும் அடியில்
தொண்ணூற்றெட்டு: பொருந்தாது.
விரல் அங்கே போய் நின்றது.
அவள் சுளகில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

நேற்று விடிந்ததிலிருந்து
என்னென்ன வேலை, எத்தனை மணித்தியாலம்?
சொன்னாள்.
சோறு வடித்துக்கொண்டே மகனுக்குக் கணக்குச் சொன்னது,
வோட்டர் பம்புக்குக் காவலிருந்தபடியே
நுண்கடன்காரப் பெடியனிடம் தவணை கேட்டது,
நித்திரைக்குள்ளும் யானை வெடிக்குக்
காது கொடுத்துக் கிடந்தது.
கூட்டினால் முப்பத்தொன்று.
திரை சிவந்து துடித்தது:
ஒரு நாளில் இருபத்து நான்குதான்.
எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.
"அப்ப எதை வெட்டப் போறாய்?"

நித்திரையை வெட்டினேன்.

பிறகு அறுவடை இயந்திரம்.
பன்னிரண்டு பெண்கள் நான்கு நாள்
அரிவு வெட்டிய வயலை
ஒற்றைப் பெடியன் காதில் பாட்டுக் கேட்டபடி
மத்தியானத்துக்குள் முடித்துவிடுகிறான்.
இவள் பின்னால் போகிறாள்,
இயந்திரத்தின் வாய் எட்டாத வரம்பு மூலைகளை
அரிவாளால் வெட்ட.
அதற்கும் கூலி உண்டு. மூலைக்கு ஏற்ற கூலி.

இத்தொழில்நுட்பம் உங்கள் வாழ்வை
எவ்வளவு மேம்படுத்தியுள்ளது?
ஒன்றிலிருந்து ஐந்துக்குள்.

"முதுகைக் கேட்டா அஞ்சு.
அடுப்பைக் கேட்டா ஒண்டு.
ரெண்டையும் எழுது."

ஒரு கட்டம்தான் இருந்தது.
மூன்று போட்டேன்.
படிவத்துக்கு எனக்கு நானூற்றைம்பது ரூபாய்,
மாங்குளம் பஸ் மூன்றரைக்கு.

எட்டு மாதம் கழித்துக் கொழும்பில்
குளிரூட்டிய மண்டபத்துச் சுவரில்
சாம்பல் நிறத்தில் ஒரு தூண் எழும்பியது.
வன்னிப் பெண்கள் இயந்திரமயமாதலைப் பெரும்பாலும்
நடுநிலையோடு நோக்குகிறார்கள் என்றார்
நோர்வேயிலிருந்து வந்த பேராசிரியர்.
நல்ல மனுசி.
வவுனியாவில் மழைக்குள் நின்ற என்னிடம்
தன் குடையைத் தந்துவிட்டு நனைந்தவர்.
கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.
அந்தத் தூணில் நாற்பத்தோராவது கல்
நான் வைத்தது.

அன்று பின்னேரம் ஒரு கண்ணாடி அறைக்குள் இருத்திக்
கேள்விகளை வாசிக்கச் சொன்னார்கள்,
தெளிவாக, அவசரமில்லாமல்,
கொஞ்சம் சிரிப்போடு.
அடுத்த சுற்றுக்கு ஆட்கள் போகத் தேவையில்லையாம்.
தொலைபேசியே கேட்குமாம்.
ஆறாயிரம் தந்தார்கள்.
பதின்மூன்று படிவக் காசு என்று
படியிறங்கும்போது கணக்குப் பார்த்தேன்.
பதினான்காவது வரவில்லை.

நேற்றிரவு இராசலோஜினி எடுத்தாள்.

"பிள்ளை, உன்ர குரல்தான், சத்தியமா.
ஒண்டை அமத்து ரெண்டை அமத்து எண்டுது.
பம்ப் நிண்டுபோன கதையை
நான் சொல்லிக்கொண்டு வர,
நீ இடையில பூந்து
'தவறான தெரிவு' எண்டுறாய்."

என்னிடம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

"அதுக்கென்ன,
முழுக்கச் சொல்லிப்போட்டுத்தான் வைச்சனான்.
வாஷர்தான் பழுது. நானே கழட்டி மாத்திப்போட்டன்.
இப்ப ஓடுது, கேக்குதே?"

தொலைபேசியைக் கிணற்றுப் பக்கம்
நீட்டியிருக்க வேண்டும்.
ரீலோட் காசு முடியும்வரை
தண்ணீர் விழும் சத்தம்.