அரக்கு, நாலு விரல் ஜரிகை

பெருங்குடி, ஏழாவது மாடி.
தி.நகர்ப் புடவைக் கடைக்காக
இரண்டாயிரத்து நூற்று நாற்பது படங்கள்.
ஒவ்வொன்றின் அடியிலும் காலியாக ஒரு பெட்டி:
பார்க்க முடியாதவருக்கு
இதில் என்ன இருக்கிறதென்று எழுத.

முதல் படத்துக்குப் "புடவை" என்றெழுதினேன்.
அடுத்ததற்கும் "புடவை".
மதியத்துக்குள் முந்நூறு.
கர்வத்தோடு சாப்பிடப் போனேன்.

சாயங்காலம் ஜெபசிங் சோதித்தான்.
ஒரு காதில் இயர்போன், மறு காது எங்களுக்கு.
அவன் கணினி ஏலக்காரன் வேகத்தில் படிக்கும்:
புடவைபுடவைபுடவைபுடவை
"கடைக்குள்ள போனா சேல்ஸ்மேன்
இப்படித்தான் பேசுவானா, நிலோஃபர்?"

எழுதாமல் விட்டவை இன்னும் மோசம்.
ஐ எம் ஜி அண்டர்ஸ்கோர் நாலு நாலு ஏழு ஒன்று
என்று கைதியைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டது
ஒரு கல்யாணப் பட்டை.

திரும்ப உட்கார்ந்தேன்.
அரக்கு.
எழுதிவிட்டு அவனைப் பார்த்தேன்.
ஏழு வயதுவரை பார்த்தவன்.
"பார்சல் மேல உருக்கி ஊத்துவாங்களே,
அந்த வாசனையோட வருது எனக்கு."
பிறவியிலேயே பார்க்காதவர்களுக்கு?
"தங்கச்சிக்கு வாங்குறவனா இருப்பான்.
நிறத்த மறைக்காத.
பார்டர் எத்தன விரல், அதச் சொல்லு."

அன்றிலிருந்து திரையில் விரல் வைத்து அளக்கிறேன்.
நாலு விரல் ஜரிகை.
முந்தியில் அன்னங்கள் வரிசையாக,
கடைசி அன்னம் மட்டும் திரும்பிப் பார்க்கிறது.

ஓரத்தில் வெறுமனே ஓடும் பூங்கொடிகளுக்கு
இரண்டு மேற்கோள் குறி, நடுவில் ஒன்றுமில்லை.
"அது மறதி இல்ல," என்றான்,
"பேசாமக் கடந்து போன்னு சொல்றது."
விட்டுப்போன மௌனமும்
வைத்துவிட்டுப் போன மௌனமும் வேறு வேறு.
எங்கள் வீட்டில் யாருக்கும் இது தெரியாது.

டிசம்பர். இரண்டு நாள் விடாத மழை.
ராத்திரி பதினொன்றுக்கு ஆபீஸ் குழுவில் ஒரு படம் வந்தது.
நானும் கட்டைவிரல் உயர்த்தினேன்,
பக்கத்து டீமுக்கு அனுப்பியும் வைத்தேன்.

காலை எட்டே முக்காலுக்கு ஜெபசிங் போன்:
"செக்யூரிட்டி ரூம்ல இருக்கேன்.
ஸ்டேஷன்லேர்ந்து முழங்கால் தண்ணி.
ஆபீஸ்ல ஒரு சத்தமும் இல்லையே?"

படத்தைத் திறந்தேன்.
மஞ்சள் பின்னணி, சிவப்பு எழுத்து:
நாளை விடுமுறை, வீட்டிலிருந்தே வேலை.
அவன் போனில் அது
"படம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறது.
இரண்டாயிரத்து நூற்று நாற்பது எழுதியவள் நான்.
அந்த ஒன்றுக்கு
ஒரு வரி தோன்றவில்லை எனக்கு.

வாசித்துக் காட்டினேன். மன்னிப்பும் கேட்டேன்.
அவன் பக்கம் மழை மட்டும் கேட்டது.
பிறகு, "வேற என்ன இருக்கு படத்துல?"

ஒரு குடை.

"விரிச்சிருக்கா?"

பெரிதாக்கிப் பார்த்தேன்.
மடக்கித்தான் இருந்தது.