கேட்காத பக்கம்

வூஃபர் மூச்சு வாங்குகிறது.
வாசிப்பு இன்னும் தொடங்கவில்லை.
ஊசி இறங்கிய தடத்தில் லேசான பொரிச்சல்,
காதுக்கு அவ்வளவுதான்.
கண்ணுக்கோ
கருப்புக் கூம்பு முன்னும் பின்னும்,
ஓடி வந்து நின்ற நாயின் விலாபோல.
ஆம்ப்ளிஃபயர் மேல் கை வைத்தேன், தோசைக்கல்.
யாருக்கும் கேட்காத ஒன்றைப்
பெருக்கிப் பெருக்கிச் சூடாகியிருக்கிறது.

முதலில் மோட்டாரைத்தான் சந்தேகித்தேன்.
சுற்றுகிறவனைப் பிடிப்பது சுலபம்.
தட்டைக் கழற்றி நடுத்தண்டைத் துடைத்துத்
தையல் மிஷின் எண்ணெய் மூன்று சொட்டு.
பெல்ட்டுக்குப் பவுடர்.
ஒன்றும் மாறவில்லை.

பிறகு மேலூர்ப் பட்டறையில்
மூலை உடைந்ததென்று கழித்துப் போட்ட கிரானைட் துண்டு.
ஏற்றிவந்த ஆட்டோக்காரர்
யாருக்குங்க கல்லறை என்றார்.
கல்லுக்கடியில் பாதிக் காற்றடித்த ஸ்கூட்டர் டியூப்,
கல்மேல் பெட்டி.
அதன்பின் நான் நடந்தால் கூம்பு பதறுவதில்லை.
குதித்தும் பார்த்தேன், ஐம்பத்திரண்டு வயதில்.
மூச்சு மட்டும் நிற்கவில்லை.

மோட்டாரை அணைத்தேன்.
சுற்றாத தட்டில் ஊசியை வைத்தேன்.
தூங்குகிறவர் சட்டைப்பையில் கைவிட்டதுபோல் கூச்சம்.
கூம்பு அசைந்தது.
அப்படியானால் குற்றம் பெட்டிக்குள் இல்லை.
மணி ஒன்றானதும் நின்றது,
இரண்டுக்குத் தொடங்கியது.
செல்லூரில் இருந்துகொண்டு
ஒன்றிலிருந்து இரண்டுவரை என்னவென்று எனக்குத் தெரியாதா.

கீழே சாந்தாராமின் ஆறு விசைத்தறிகள்.
பதினொரு வருஷமாய் அவற்றைக்
கேட்காமலிருக்கக் கற்றிருக்கிறேன்.
ஊசி கற்கவில்லை.

சண்டைக்குத்தான் கூப்பிட்டேன்.
புருவத்தில் பஞ்சோடு படியேறி வந்தவர்
மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.
குனிந்தார். கூம்பின் விளிம்பில்
விரல் நுனி வைத்தார்.
"மூணாம் நம்பர்ங்க.
நொண்டுது பாருங்க."

பதினெட்டு வருஷம் இ.சி.ஜி. அறையில்
காகிதத்தில் கோடு பார்த்தவள் நான்.
ஒவ்வொரு ஏழாவது துடிப்பும் தள்ளி விழுவதை
அவர் சொல்லித்தான் பார்த்தேன்.
மறுநாள் தறியின் அடியில் படுத்து
தேய்ந்த போல்ட் ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்து
என் உள்ளங்கையில் வைத்தார்.
இன்னும் சூடாக இருந்தது.

அசைவு போகவில்லை, சீரானது.
தறியை நிறுத்தச் சொல்ல முடியுமா,
வாடகையும் வாங்கிக்கொண்டு.
டவுன் ஹால் ரோட்டில் இரண்டு கெப்பாசிட்டர்,
ஒரு சின்ன சுவிட்ச்.
ஈயப்புகை கண்ணில் ஏற
ஞாயிறு மத்தியானம் பற்றவைத்தேன்.
போட்டதும் கூம்பு அடங்கியது.
மிருதங்கத்தின் தொப்பி
முதல்முறையாகத் தன் இடத்தில் உட்கார்ந்தது.

ஒன்று மிச்சம்.
ஒன்றே முக்காலே ஒரு மா விநாடிக்கு ஒருமுறை
ஊசிக்கை ஏறி இறங்குகிறது.
அது தட்டின் வளைவு.
சித்திரை வெயிலில் வண்டி டிக்கியில் தட்டை வைத்துவிட்டு
நின்று மோர் குடித்தேன், இரண்டு டம்ளர்.
இதற்குத் தறியைச் சொல்ல முடியாது.

சில நாள் படிக்கட்டில் குரல் கேட்கும்:
"ஜெசிந்தாம்மா, அந்தச் சுவிட்சை அணைச்சிட்டு
அஞ்சாம் நம்பரைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."
பார்த்துச் சொல்வேன்.

இரவு தறிகள் ஓய்ந்தபின்
எனக்காகவும் ஒருமுறை அணைப்பதுண்டு.
நின்ற தட்டில் ஊசி.
பதினொன்று நாற்பது.
சன்னல் கண்ணாடி நடுங்கக்
கொஞ்ச நேரம் இருக்கிறது.
அதற்குள் கூம்பு மெல்ல உள்ளே போய் வருகிறது.
கூடல்நகர் போகும் சரக்கு வண்டி
வைகைப் பாலத்தில் ஏறிவிட்டது.