முதுகில் எண்

கால்நடைச் சந்தைத் திடலில் வண்டிகள் நிற்கின்றன.
எங்கள் வேனின் பின்கதவைத் தூக்கி நிறுத்தி
அதன் கீழே உருளைகள்மேல் மிதிக்கிறேன்,
எங்கும் போகாமல்.
முதல் பத்து நிமிடம் பேசிக்கொண்டே மிதிக்கலாம்.
அடுத்த ஐந்தில் பேச்சு அறுந்துவிட வேண்டும்.
பிறகு மூன்று முறை, முப்பது முப்பது வினாடி,
நாய் துரத்துகிற மாதிரி.
வன்னெஸ் கடிகாரம் பார்க்கிறான். அண்ணன்.
ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம்
அடுத்தவர் கூரைக்கு ஓடு வேய்பவன்.

தொடையில் தேய்த்த மிளகாய்த் தைலம் இன்னும் பிடிக்கவில்லை.
பிடிக்கும்.
இரவு வெந்நீரில் நிற்கும்போதுதான்
அதன் முழுச் சொரூபமும் தெரியும்.

காலையில் தடத்தை ரப்பர் பூட்ஸோடு நடந்தே பார்த்தேன்.
மணலில் இடப்பக்கச் சால் கெட்டி.
பலகைகள் இரண்டு, முழங்காலுக்குச் சற்றுக் கீழே.
பாப்லர் மரங்களுக்குக் கீழே அந்தச் சரிவு,
கண்ணுக்குச் சேறு.
குதிகாலால் தட்டினால் கண்ணாடி.
வெயில் அங்கே மார்ச்சில்தான் வரும்.

திரும்பி வந்து, காற்றைக் குறை என்றேன்.
எவ்வளவு?
கால்.
கால் பார் குறைத்தால் விளிம்பு கல்லில் அடிக்கும் என்றான்.
ஃபிளாண்டர்ஸே களிமண், இங்கே கல் ஏது என்றேன்.
அவன் அளவுமானியை நம்புகிறவன், நான் கட்டைவிரலை.
ஸ்ஸ்.
அவன் எண்ணெய்க் குப்பிக்குக் குனிந்த நேரத்தில்
இன்னொரு அரை ஸ்ஸ்.

உருளையை விட்டு இறங்கும்போது டோரீன் வருகிறாள்,
எண் அட்டையை வாயில் கவ்விக்கொண்டு.
"ஊக்கு இருக்கா? என் ஆள் உருளை வறுவல் வாங்கப் போய்
வரிசையிலேயே குடியேறிட்டான்."
திரும்பி நிற்கிறாள்.

இந்த முதுகை எனக்குத் தெரியும்.
போன ஞாயிறு நாற்பது நிமிடம்
உலகில் வேறெதையும் நான் பார்க்கவில்லை.
வலது தோள் ஒரு விரல் தாழ்ந்திருப்பது,
ஏற்றத்தில் மட்டும் பின்னல் இடப்பக்கம் ஆடுவது.
ஆனால் நின்றுகொண்டிருக்கும் முதுகாக
இதைப் பார்த்ததே இல்லை.
மெல்லிய துணிக்குள் நடுங்குகிறது.
குளிரா பயமா,
ஊக்கு நுனிக்குத் தெரியவில்லை.

மூன்றாவது மூலையைக் குத்தும்போது கேட்டாள்:
"சரிவு எப்படி?"

ஊக்கு மூட மறுத்தது.
அல்லது நான் நேரம் எடுத்துக்கொண்டேன்.
யாரோ ஒருவருடைய சாம்பல் நிறக் காரை நகர்த்தச் சொல்லி
ஒலிபெருக்கி மூன்று தடவை கெஞ்சியது.
தைலம் இப்போதுதான் பிடிக்கத் தொடங்கியது.

"பாப்லருக்குக் கீழே உருகல. கயிற்றோரமாப் போ."

"தெரியும். காலையில விழுந்தேன்."
முழங்கையைத் திருப்பிக் காட்டினாள்,
சிவப்பாக, புதிதாக.
"நீ சொல்றியான்னு பார்த்தேன்."
நன்றி சொல்லாமல் போய்விட்டாள்.
ஊக்குகளும் திரும்பி வரப்போவதில்லை.

பெயர் பெயராகக் கூப்பிடுகிறார்கள்.
அவள் முதல் வரிசை. நான் இரண்டாவது,
நேர் பின்னால். வேறெங்கே.
கம்பளிக் கோட்டைக் கழற்றும் கணம்தான் கொடுமை:
முந்தினால் உடம்பு விறைக்கும்,
பிந்தினால் கை சிக்கிக்கொண்டு நிற்கும்போது துப்பாக்கி வெடிக்கும்.
வன்னெஸ் கோட்டை வாங்கிக்கொண்டான்.
குனிந்து என் டயரை அழுத்திப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.

முப்பது வினாடி.
ஒரு கால் மிதியில் பூட்டிவிட்டது,
மற்றது இன்னும் மண்ணில்.
முன்னால், என் கையால் குத்திய பதினேழு,
கொஞ்சம் கோணலாக.