பதினொன்று புள்ளி எட்டு

ரிச் என்றால் பணக்காரன் இல்லை, ஜெசிந்தா.
காற்றுக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் கூடவே பெட்ரோல்.
முதலில் அப்படித்தான் கொடுக்கணும்.
புகை கறுத்தால் கறுக்கட்டும்
பிஸ்டன் பிழைத்துக்கொள்ளும்.

மணலி யார்டு. ஞாயிறு, காலை ஐந்தரை.
ரீச் ஸ்டாக்கர்கள் கழுத்தை மடக்கிக் கிடந்தன.
மேனேஜர் கையெழுத்துப் போட்ட காகிதத்தை
கொண்டையா டார்ச் அடித்து இரண்டு முறை படித்துவிட்டு
"வெடிச்சா நான் இன்னிக்கு லீவு" என்று கேட்டைத் திறந்தார்.

நைட் டியூட்டி முடிந்து ஸ்டான்லியிலிருந்து நேரே வந்தவளின்
ஸ்டெதாஸ்கோப்பில் வட்டைக் கழற்றிவிட்டு
ஏ.சி. மெக்கானிக்கிடம் கெஞ்சி வாங்கிய செப்புக் குழாயைச் செருகினோம்.
குழாயின் மறுமுனையை நசுக்கி, ஓட்டை போட்டு
எஞ்சின் பிளாக்கில் ஒரு போல்ட்டுக்கு அடியில் முறுக்கியிருக்கிறேன்.
குழாய் காதில், லேப்டாப் மடியில்.

போன வருஷம் இதெல்லாம் இல்லை.
எவனோ பென் டிரைவில் கொடுத்த மேப்பை
அப்படியே ஏற்றினேன்.
அவன் காருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது.
எர்ணாவூர் பாலம் ஏறும்போது
மூன்றாவது சிலிண்டர் நின்றது.
ஓரம் உருகிய அந்தப் பிஸ்டன்
இப்போது டிவி பக்கத்தில் பேனா ஸ்டாண்டு.
ஸ்டாண்டு ஆக்கியது அவள்தான்.
சீட்டுக் கம்பெனிக்காரன் வரும் ஒவ்வொரு மாதமும்
அதிலிருந்துதான் பேனா எடுத்துக் கையெழுத்துப் போடுவாள்,
என்னைப் பார்க்காமல்.

இரண்டாம் கியர்.
இரண்டாயிரத்து ஐந்நூறிலிருந்து முழு மிதி.
வேஸ்ட்கேட் ஸ்பிரிங்கின் சொந்தக் குணம் அரை பார்,
அதற்கு மேல் இன்னும் கேட்கவில்லை.
அவள் வாசிக்கிறாள்
ஐ.சி.யூ.வில் பிரஷர் வாசிக்கிற அதே குரலில்:
பதினொண்ணு ரெண்டு. பதினொண்ணு மூணு.
பதினொண்ணு ரெண்டு.
நிறுத்தி, ஒரே ஒரு கட்டத்தில் ஒரு துளி குறைத்து
சேவ் செய்து, ஆறவிட்டு
மறுபடி.
ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். இரண்டை மாற்றினால்
தப்பு எதனுடையது என்று
ரெண்டும் ஒன்றை ஒன்று கைகாட்டும்.

எட்டாவது ஓட்டத்தில் பதினொன்று புள்ளி எட்டு வந்து நின்றது.
அங்கேயே முடித்திருக்கலாம்.
பொறி கொஞ்சம் முந்தித் தெறித்தால்
இழுவை கூடும் என்று
இரண்டு டிகிரி அட்வான்ஸ் சேர்த்தேன்.
நிஜமாகவே கூடியது. சீட் முதுகைத் தள்ளியது.
நான் சிரித்துக்கொண்டிருந்தபோது
அவள் கை உயர்ந்தது.
"விடு."

கேட்டது என்ன?
"காசிமேட்டுல தெர்மாகோல் பெட்டிக்குள்ள
நண்டு கால் வச்சி சொரண்டுமே, அது."

ஹீட் ஷீல்டு லூஸ், அது ஆடுது என்றேன்.
"ஆடுறதுன்னா அஞ்சாயிரத்துலயும் ஆடணும்.
இது நாலாயிரத்து இருநூறுல மட்டும் வந்துட்டுப் போவுது."
அப்புறம், குழாயைக் காதிலிருந்து எடுக்காமலே:
"மானிட்டர் கத்துனா
வயரு லூசுன்னு சொல்ற டாக்டரையும் நான் பாத்திருக்கேன்."

கொஞ்ச நேரம் எஞ்சின் மட்டும் பேசியது.

வாங்கிய அட்வான்ஸை முழுசாகத் திருப்பிக் கொடுத்தேன்,
அந்த இடத்தில் இன்னும் ஒரு டிகிரி சேர்த்தே.
எங்கள் வீட்டு ஓனர் இந்த ஜென்மத்தில் செய்யாதது.
ஒன்பதாவது ஓட்டம். அவள் முகத்தையே பார்த்தேன்,
ரோட்டைப் பார் என்றாள்.
நண்டு இல்லை.

ஏழரைக்கு வெயில் டின் கூரைகளைத் தொட்டது.
உள்ளே போகும் காற்று ஐம்பத்தாறு டிகிரி காட்டியது.
இன்னும் ஒரே ஒரு ஓட்டம் என்று வாய் வரை வந்ததைக்
கொண்டையா கொடுத்த டீயோடு விழுங்கினேன்.
ஃபைலுக்கு என்ன பெயர் வைக்க என்று கேட்டால்
"தேதி போடு" என்றாள்.

திரும்பும்போது தூங்கிவிட்டாள்
குழாய் காதிலேயே இருக்க.
மூன்றாம் கியர், இரண்டாயிரம், தண்ணி லாரிக்குப் பின்னால்.
தண்டையார்பேட்டை சிக்னலில்
ஒரு ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்து முந்தியது.
விட்டுவிட்டேன்.