ரெண்டு சென்டிமீட்டர் குறைச்சல்

இங்கே துட.
வாளையாறு தாண்டிக் கிழக்கே போனால் தொடை.
கஞ்சிக்கோட்டு கிளினிக்கில் ரெஜிமோள்
முட்டிக்கு மேல் ஒரு சாண் விட்டுப்
பேனாவால் கோடு போட்டு
டேப்பைச் சுற்றினாள்.
வலது ஐம்பத்தொன்று. இடது நாற்பத்தாறு.

எதுகைத் தொடை மோனைத் தொடை என்று
எட்டாம் வகுப்பில் தமிழய்யா நடத்தியபோது
கடைசி பெஞ்சில் வாயைப் பொத்திச் சிரித்தவன் நான்.
இப்போது என் ரெண்டுக்கும் எதுகை சேரவில்லை.

பதினெட்டு வருசம் நாமக்கல் முட்டை லோடு.
சாவடி வரிசையில் ஒரு ராத்திரிக்கு
நானூறு தடவை கிளட்ச் மிதித்திருப்பேன்
ஒரு வண்டி நீளம் நகர, நிற்க, நகர.
மிதிக்கிறதில் ஒன்றுமில்லை. கழுதையும் மிதிக்கும்.
விடுகிறதில் இருக்கிறது.
ஸ்பிரிங் தள்ளத் தள்ளக்
கொடுத்தும் கொடுக்காமலும்
முட்டையோடு முட்டை முட்டாமல்.
தொடை நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கும் அப்போது.
அது தசையின் வேலை என்று யாருக்குத் தெரியும்?
என் கைராசி என்றுதான் ஓனர் சொல்லுவார்.

அதே வரிசையில்
டயர் தட்டிப் பார்க்க இறங்கினேன்.
முன்னால் நின்ற மர லோடு
பிரேக் நழுவி ஒரு முழம் பின்னால் வந்தது.
ஒரு முழம்தான்.
முட்டிச் சில்லு மூணு சில்லாச்சு.
கம்பி வைத்துக் கட்டி
ஆறு வாரம் காலை நீட்டியே வைத்தார்கள்.

சுவரில் தோல் உரித்த மனுசன் படம்.
ரெஜிமோள் ஸ்கேலால் தொட்டுக் காட்டினாள்.
தலை நாலு, கயிறு ஒண்ணு.
நடுவில் போகிறவன் மட்டும் இடுப்பெலும்பில் கிளம்பி
இடுப்பு மூட்டையும் கடப்பான், முட்டியையும் கடப்பான்.
"நேஷனல் பர்மிட்டுங்களா?" என்றேன்.
ஸ்கேலைக் கீழே போட்டுச் சிரித்தாள்.
மற்ற மூணும் லோக்கல் வண்டி,
தொடையெலும்பில் பிறந்து முட்டியோடு சரி.
அதில் ஒருத்தன் வெளியே தெரியவே மாட்டான்.
எலும்பைக் கட்டிக்கொண்டு அடியில் கிடப்பான்,
லாரிக்குக் கீழே தார்ப்பாய் விரிக்கும்
எங்கள் கிளீனர் சடையன் மாதிரி.
வெளிப்பக்கத்தான் தடியன்.
உள்பக்கத்தான் முட்டியோரம்
கண்ணீர்ச் சொட்டாய்த் திரண்டு நிற்பான்.
"இவனாணு ஆத்யம் மெலியுந்நது" என்றாள்.
என் காலில் அந்த இடம் குழி.

நாலு பேரும் சேர்ந்த கயிறு
சில்லை உள்ளே வைத்து முடிந்துகொண்டு
கீழே முன்னெலும்பின் மேட்டில் போய்ப் பிடிக்கிறது.
கிணற்றுக்குக் கப்பி, முட்டிக்குச் சில்லு.
அவள் பாஷையில் அதற்குப் பெயர் சிரட்ட.

முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து
"அமர்த்து சேட்டா, தாழோட்டு" என்பாள்.
நினைப்பைக் கிளப்பி அனுப்புவேன்.
முதுகில் புறப்பட்டது
கவட்டி வரை வந்ததா, வரிசையில் நிற்கிறதா,
தகவல் இல்லை.
வியர்க்கும். பல்லைக் கடிப்பேன்.
தசை அடுத்த வீட்டுக்காரன் மாதிரிப் படுத்திருக்கும்.

ஒன்பதாம் நாள் அந்தக் குழியில்
ஏதோ புரண்டது,
முட்டைக்குள் குஞ்சு புரண்ட மாதிரி.
கடை முட்டையில் குஞ்சு இருக்காது, தெரியும்.
ஆனாலும் புரண்டது.
ரெஜிமோள் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
பத்து எண்ணச் சொன்னாள்.

இன்றைக்கு நாற்பத்தொன்பது.
பழைய சாவடி ஆபீசர் இருந்தால் கேட்டிருப்பார்,
ரெண்டு குறையுதே, பில் எங்கே?

கிளினிக் வாசலில் ஏழு படி.
ஏற நல்ல கால், இறங்கக் கெட்ட கால்
என்பது முதல் மாதத்துச் சட்டம்.
யாரும் பார்க்கவில்லை.
நல்ல காலை முதலில் கீழே அனுப்பினேன்.
மேல்படியில் இடது மடங்க மடங்க
முழு உடம்பும் அதன்மேல் ஏறி உட்கார்ந்தது.
நடுங்கிற்று.
லோடு எதுவும் இல்லை என்றாலும்
மெல்ல விட்டேன்.