இலைவிழல் மாதம்

கல்லறைத் தோட்டத்து இலைகளை
வண்டிக் கணக்கில் எழுதிக்கொள்கிறது நகராட்சி.
ஸிக்மாஸ் நேற்று மட்டும் பதினேழு.
இன்று மேப்பிள் வரிசையை முடித்தாக வேண்டும்.
நாளை மறுநாள் ஊரே வரும்,
கண்ணாடிக் குவளையில் மெழுகுவர்த்தியோடு,
செவ்வந்தித் தொட்டியோடு,
செத்தவர்களுக்கென்று ஒரு சாயங்காலத்தை ஒதுக்கி.

லித்துவேனிய மொழியில் நவம்பருக்கு
இலைவிழல் என்றே பெயர்.
மாதமே சொல்லிவிட்ட பிறகு
பாதிரியாருக்கு என்ன வேலை?
வருடா வருடம் அதே பிரசங்கம்:
நாமும் இலைகள், ஒரு காற்று போதும்.
கூட்டம் தலையாட்டும்.
கடைசி வரிசையில் ஸிக்மாஸ்
நகக்கண்ணில் ஏறிய மண்ணைச்
சுரண்டிக்கொண்டிருப்பான்.

குழி வெட்டுகிறவனுக்குத் தெரியும்,
பதிவேட்டில் அக்டோபர் ஒல்லி.
ஜனவரிதான் தடிமன்.
உறைந்த தரையைக் கடப்பாறையால் பிளந்த காலைகள்
இன்னும் தோள்பட்டையில் கிடக்கின்றன.

ப்ரோனே போனது ஜூனில்.
ஜூனுக்கு அங்கே பிர்ச் மரத்தின் பெயர்.
இரவு பத்தரைக்கும் அணையாத வானம்.
ஜன்னலோரம் ஸ்ட்ராபெரி ஜாம்
ஆறிக்கொண்டிருந்தது, மூடி போடாமல்.
ஒரு இலைகூட விழவில்லை.
எங்கு பார்த்தாலும் பச்சை,
வெட்கங்கெட்ட பச்சை.
பெட்டியைச் சுமந்தவர்கள்
கொசு விரட்டக் கையில்லாமல் தவித்தார்கள்.

வாரியதில் ஒன்றை எடுத்துக்
காம்பைத் திருப்பிப் பார்க்கிறான்.
முறிந்த தடமே இல்லை.
வழவழவென்று ஆறிப்போன புண்.
மரம் உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான்
கையை விட்டிருக்கிறது.
கிளையில் அது இருந்த இடத்துக்கு மேலே
எள்ளளவு மொட்டு.
கோடையிலேயே வந்திருக்கும்,
இலை மறைவில் யார் கண்டது.

அப்படியா போனாள் அவள்?
யார் தாழ்ப்பாள் போட்டார்கள்?
பிய்த்த இடம் பிய்த்தபடி இருக்கிறது,
ஈரமாக.

காலமானாள் என்கிறோம் நாம்.
எந்தக் காலம் ஆனாள் என்று
ஒருநாளும் கேட்டதில்லை.

அவள் கல்லருகே வாருகோல் வேகமாகப் போகிறது,
கோபம் போல.
ஒரு மேப்பிள் இலையையும் தங்கவிடவில்லை.
பிறகு அங்கியின் பையிலிருந்து எடுத்து வைக்கிறான்
மெழுகுவர்த்திக்கு ஒரு ஜாம் ஜாடி.
நன்றாகத்தான் கழுவியிருக்கிறான்.
ஆனாலும் ஒரு குளவி,
இந்தக் குளிரில் எங்கிருந்து வந்ததோ,
அதன் விளிம்பைச் சுற்றிச் சுற்றி நடக்கிறது.